ராணிக்காக மாறிய ஊர்ப் பெயரா?

கேள்வி: இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் டோல்படில் என்றொரு கிராமம். அங்கே ஓடும் ஆற்றின் பெயர் பிடில். பேச்சு ஆங்கிலத்தில் அதற்கு ‘ஒன்றுக்குப் போவது’ என்று அர்த்தமாம். விக்டோரியா ராணி அந்தப் பக்கம் வருகிறார் என்றதும் ஊர்ப் பெயர்களில் ‘பிடிலை’ எடுத்துவிட்டு ‘படில்’ என்று போட்டார்களாமே, உண்மையா?

பதில்: கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆற்றை ஒட்டி பிடில்ஹின்டன், பிடில்ட்ரென்தைட் என்று இரண்டு ஊர்கள் இன்றைக்கும் இருக்கின்றனவே, அவற்றை மட்டும் ராணி பொறுத்துக்கொண்டாரா? பக்கத்து ஊர் படில்டவுன், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிடில்டவுன்தான். ராணி இறந்தது 1901-இல்.

பிடில் என்பது (வாசிக்கிற பிடில் அல்ல) சதுப்பு நிலத்தைக் குறித்த பழைய சொல். ‘டோல்’, டோலா என்ற பெண்ணின் பெயர். 11-ஆம் நூற்றாண்டுக்காரி, கணவர் ஓர்க் இறந்தபின் இந்த நிலத்தை ஆபட்ஸ்பரி மடத்துக்கு எழுதிவைத்தவள். ஒரு கைம்பெண்ணின் பெயர் ஆயிரம் வருடமாக ஊரின் தலையில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு ராணியைத் தேடுகிறீர்கள்!

சரி, டோல்படிலை உலகம் அறிந்தது பெயரால் அல்ல. அங்கே பண்ணைக் கூலி வாரம் 7 ஷில்லிங் ஆகி, 6-க்கு இறங்கும் என்ற நிலை வந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் தலைமையில் கூலியாட்கள் சங்கம் சேர்ந்தார்கள். சங்கம் வைப்பது குற்றமில்லை என்று 1824-லேயே ஆகிவிட்டது. பண்ணைக்காரர்கள் விடுவார்களா? சங்கத்தில் சேரும்போது ரகசியச் சத்தியம் செய்தார்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடற்படைக் கலகத்தை ஒடுக்க 1797-இல் போட்ட சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, 1834 மார்ச்சில் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு, கைதிக் கப்பலில். ஏப்ரலில் லண்டனில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 1836-இல் மன்னிப்பு வந்தது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு!

திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் அப்புறம் கனடாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் ஊரிலேயே தங்கி, கட்டட வேலை பார்த்து, 1891-இல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் இறந்தார். ஜூலை மாதம் அங்கே தொழிற்சங்கத்தாரின் விழாவும் ஊர்வலமும் நடக்கும். ஊர் சின்னது, போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள்.