உங்கள் ஜீமெயிலின் திறப்பு யாருடைய கையில்?

கேள்வி: மகனின் கனடா விசிட்டர் விசாவுக்காக அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கூற்று எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு கொமினிகேசன் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஜீமெயிலும் கடையிலேயே திறந்து தந்தார்கள். இப்போது முன்பின் தெரியாதவர்கள் மகனின் பிறந்த திகதி வரை சொல்லி, வேலை விசா எடுத்துத் தருவதாக அழைக்கிறார்கள். அனுப்பியதை அழிக்க வழியுண்டா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: போனது போனதுதான், அம்மா. வட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் அழி' இரண்டு நாளுக்குச் சற்றுக் கூட மட்டுமே வேலை செய்யும். கடைக் கணினியில் இறங்கிவிட்ட கோப்பை அது தொடாது. கடைக்குப் போய், டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருப்பதை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே வேறு யாருக்கும் போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்றே காப்பாற்ற வேண்டியது ஜீமெயிலை. கடைக்காரர்கள் கணக்குத் திறக்கும்போது மீட்பு இலக்கமாகத் தங்கள் ஃபோன் இலக்கத்தையே போட்டுவிடுவது வழக்கம். அப்படியென்றால் பாஸ்வேர்டை நீங்கள் எத்தனை தரம் மாற்றினாலும், 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தி அவர் உள்ளே வரலாம். விசா முடிவு வருவதும் அந்தப் பெட்டிக்குத்தான்.

மகன் தன் ஃபோனில் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், மீட்பு இலக்கத்தையும் மீட்பு மின்னஞ்சலையும் தன்னுடையதாக மாற்றட்டும். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கணினிகளை வெளியேற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடட்டும். மாற்றிய பின்னும் 7 நாள் வரை கூகுள் பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்ப இடமுண்டு. ஆகவே ஒரு கிழமை கழித்து மறுபடி பாருங்கள். பலரும் தவறவிடுவது 'ஃபோர்வேடிங்': அதைக் கணினியில் ஜீமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில்தான் பார்க்கலாம். அங்கே வேறு முகவரி இருந்தால், வரும் கடிதமெல்லாம் அங்கேயும் போகிறது. விசா இணையக் கணக்கின் பாஸ்வேர்டும் மாறவேண்டும்.

பிறந்த திகதி எப்படித் தெரிந்தது என்று பயப்படாதீர்கள். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 045 என்றால் பெப்ரவரி 14. பெண்களுக்கு 500 கூட்டி 545. இலக்கம் தெரிந்தவருக்குப் பிறந்தநாளும் தெரியும். பிறந்த திகதியை வங்கி அட்டையின் இரகசிய (PIN) இலக்கமாக வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

இனிக் கொடுக்கும் போட்டோக்கொப்பியில், முகத்தை மறைக்காமல், எந்த நிறுவனத்துக்கு, எதற்கு, எந்தத் திகதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். விசா விண்ணப்பத்துக்கு ஏற்றும் கடவுச்சீட்டுப் படத்தில் மட்டும் எழுதவே கூடாது. அது சுத்தமாக, நான்கு மூலையும் தெரிய இருக்கவேண்டும்; கோடு விழுந்தால் தெளிவில்லையென்று திரும்பலாம். அந்தப் படத்தைக் கடைக்கு அனுப்பாமல் மகனே தன் ஃபோனிலிருந்து ஏற்றட்டும். முடியாவிட்டால் பென்டிரைவில் கொண்டுபோய், பக்கத்தில் நின்று ஏற்றுவித்து, கையோடு அழிப்பித்துவிட்டு வாருங்கள்.

காசு வாங்கி விண்ணப்பம் கையாள்பவர் கனடாவின் அனுமதி பெற்ற சட்டத்தரணியோ குடிவரவு ஆலோசகரோ ஆக இருக்கவேண்டும். ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் எவருக்கும் திறந்திருக்கிறது. கடைக்காரர் தன் பெயரை எங்கும் போடமாட்டார். அவர் பொய் எழுதியிருந்தால் 5 வருடத் தடை விழுவது மகனுக்கு. அனுப்பிய விண்ணப்பத்தின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக வாசியுங்கள்.

சட்டம் இல்லையா என்பீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். இங்கே அடையாள அட்டைப் பிரதி கடைமேசைகளில் குவிந்து கிடக்கிறது, கொழும்பில் திகதி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

அழைப்பவரிடம் முகவர் நிலையத்தின் உரிமப் பத்திர இலக்கத்தைக் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சரிபாருங்கள். சரிபார்க்கும் வரை ஒரு சதமும், ஓடிபி ஒன்றும் கொடுக்கவேண்டாம்.