பனிக்காலத்தில் விமானங்களைப் படம் எடுக்கும்போது கேமராவை எப்படிப் பாதுகாப்பது?

டொரான்டோ பியர்சன் விமான நிலையத்தருகே ஜனவரியில், மைனஸ் 15 டிகிரியில் நின்று விமானங்களைப் படமெடுக்கப்போவதாகச் சொல்லி, கேமராவை எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் கேமராவைக் கெடுப்பது அரிது. கெடுவது பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான். உறைந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும், அறையின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும், உள்ளேயும் படியலாம். ஆகவே வெளியில் இருக்கும்போதே நினைவக அட்டையை எடுத்துக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடுங்கள். பிறகு உள்ளே வந்து இரண்டு மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். ஆவலை அடக்குவதுதான் கடினம்!

பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததுபோல் காட்டும். குளிரில் அதன் உள் வேதிவினை மந்தமாவதே காரணம். உடலை ஒட்டிய உட்பையில் வைத்துச் சூடாக்கினால் பெருமளவு மீண்டுவிடும். இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று: ஹீட்டர் ஓடும் காரின் ஜன்னல் வழியே எடுத்தால் படம் கலங்கும். வெப்பக்காற்றும் குளிர்காற்றும் லென்ஸின் முன்னாலேயே கலப்பதால் வரும் வினை அது. லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. காரைவிட்டு இறங்கி, லென்ஸ் குளிரும்வரை கால் மணி நேரம் பொறுத்திருங்கள்.

கைக்கு மெல்லிய உள்ளுறையும் அதன்மேல் விரல் திறக்கும் தடித்த உறையும் போதும். வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் கேமராவின் சிறு ஜன்னல்) மூச்சு விடாதீர்கள். அது அங்கேயே உறைந்துவிடும்.