தோண்டிப் பார்க்காமலே ஒரு கோள் எதனால் ஆனது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

புதன் இரும்புக் கோள், வியாழன் வாயுக் கோள் என்கிறார்களே, யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதல் தடயம் அடர்த்தி. நீங்கள் மதுரைக்காரர் என்பதால் மேலூர்க் கல்லிலிருந்தே தொடங்கலாம்.

கல் பட்டறையில் உடைந்து கிடக்கும் கிரானைட் துண்டு ஒன்றை டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல் 540 கிராம் என்றால் ஏறத்தாழ 200 காட்டும், வகுத்தால் 2.7. அதுதான் அடர்த்தி: ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம். கல் அடியில் தட்டினால் கணக்கு கெடும். குமிழி ஒட்டியிருந்தாலும் அடர்த்தி குறைவாக வரும்.

ஆனால் பூமியின் சராசரி அடர்த்தி 5.5. யானைமலை மாதிரிப் பாறையே அடிவரை இருந்தால், அழுத்தத்தில் எவ்வளவு நெருங்கினாலும் இவ்வளவு வராது. உள்ளே இரும்பு இருந்தாக வேண்டும். பூமியின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்புதான். புதனுக்கு 5.4. பூமியைவிடக் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். பூமி பெரியது, தன் எடையாலேயே நசுங்கியிருக்கிறது. அந்த நசுங்கலைக் கழித்தால் பூமி 4 சொச்சம், புதன் 5.3. புதனின் ஆரத்தில் 85 சதவீதம் அளவுக்கு இரும்பு உள்ளகமே இருப்பது அதனால்தான் பொருந்துகிறது.

வியாழனை எடை போட அதன் நிலா போதும். அதன் நிலாக்களில் ஒன்றான அயோ 4.22 லட்சம் கி.மீ. தூரத்தில் 1.77 நாளில் சுற்றுகிறது. நம் நிலா 3.84 லட்சம் கி.மீ., 27.3 நாள். தூர விகிதத்தின் (4.22/3.84) மும்மடியை நாள் விகிதத்தின் (27.3/1.77) வர்க்கத்தால் பெருக்குங்கள், ஏறக்குறைய 315 வரும். வியாழனின் நிறை அத்தனை பூமிகள். துல்லியமான மதிப்பு 318 பூமிகள். கன அளவோ 1,300 பூமிகளுக்கு மேல். அடர்த்தி 1.33 தான். இவ்வளவு நிறை சேர்ந்து நசுக்கும்போதும் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர வேறெதுவும் இவ்வளவு லேசாக இருக்காது. ஆனாலும் ‘வாயு’ என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். ஆழத்தில் ஹைட்ரஜன் மின்சாரம் கடத்தும் உலோகத் திரவமாகிவிடுகிறது.

பலரும் சறுக்கும் இடம் யுரேனஸ். அதன் அடர்த்தி 1.27, கிட்டத்தட்ட வியாழனேதான். ஆனால் நிறை 14.5 பூமிகள் மட்டுமே. அவ்வளவு சிறிய ஹைட்ரஜன் உருண்டை இப்படி நசுங்காது. அதனால் தண்ணீர், அம்மோனியா, மீத்தேன், பாறை என்று கனமான பொருள்கள் உள்ளே நிறைய இருக்க வேண்டும். நெப்டியூனும் (1.64) இதே ரகம்.

வேறு விண்மீன்களைச் சுற்றும், பூமியைப்போல் இரண்டு மடங்கு ஆரமுள்ள கோள்களில் இந்த முறை திணறுகிறது. பாதி தண்ணீர் நிறைந்த கோளுக்கும், பாறை மேல் மெல்லிய ஹைட்ரஜன் போர்வை போர்த்திய கோளுக்கும் ஒரே அடர்த்தி வரலாம். அங்கே வளிமண்டலத்தின் நிறமாலையையும், அதாவது அதன் வழியே வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தும் பார்த்தாக வேண்டும்; 2021-இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இந்த வேலையைத்தான் செய்துவருகிறது.