பேரு அவங்களுது, வாடகை நம்முளுது

கோபி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 27 வருஷமாக ஜூஸ் கடை நடத்தும் அக்கா, வாசகர்களின் வியாபாரக் கேள்விகளுக்கு இந்த வாரமும் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் பையன் பெங்களூர் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்து, ஒரு ஜூஸ், ஸ்மூத்தி கம்பெனியோட ஃபிரான்சைஸ் (பணம் கட்டி அவங்க பேர்ல நாம கடை நடத்துறது) எடுத்தே தீருவேன் என்று நிற்கிறான். 18 லட்சம் ஆகுமாம். 'மூணு வருஷத்துல இருநூறு கடை திறந்துட்டாங்கம்மா' என்கிறான். தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா அக்கா?
- ஒரு அம்மா, பெருந்துறை

பதில்: பத்திரம் பீரோவுலயே இருக்கட்டுங்க. முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

இருநூறு கடை திறந்திருக்காங்கன்னா இருநூறு பேர் பணம் கட்டியிருக்காங்க, அவ்வளவுதான். ஜூஸ் வித்துச்சாங்கறது வேற கணக்கு. நாம கடை வைக்கும்போதே கம்பெனிக்கு நுழைவுக் கட்டணம் வந்துடும். மிக்சி, ஃப்ரீசர், போர்டு, நாற்காலி எல்லாம் அவங்க சொல்ற ஆள்கிட்டதான் வாங்கணும். பழக்கூழ் பாக்கெட்டும் அவங்ககிட்டதான். இத்தனைக்கும் மேல மாசாமாசம் ராயல்டி, அதாவது அவங்க பேரை வெச்சுக்கறதுக்குக் கட்டற பங்கு. அது லாபத்துல இல்லைங்க, விற்பனையில. நமக்குக் கையைக் கடிச்சாலும் அவங்களுக்கு வந்துரும்.

ஒரு காகிதம் எடுங்க. வரி போக ஒரு நாளைக்கு 8,000 ரூபாய் விற்குதுன்னு வைங்க. மாசம் 2,40,000. ராயல்டி 6 சதவீதம்னா 14,400. அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,592. நம்ம மாதிரி 5 சதவீத வரி போடற சாப்பாட்டுக் கடைக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது, அது செலவுதான். பழம், பால், கப் எல்லாம் சேர்த்து நூத்துக்கு 38 ரூபாய்னா 91,200. வாடகை 35,000. மூணு பசங்க சம்பளம் 42,000. கரண்ட் 14,000. கூட்டிக் கழிச்சா கையில 40,808. பதினெட்டு லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில அஞ்சு வருஷத் தவணை ஏறக்குறைய 39,100. மிச்சம் 1,700 ரூபாய்! இதுல அழுகின பழத்தையும், செல்போன் ஆர்டருக்குப் பிடிக்கற கமிஷனையும் நான் சேர்க்கவே இல்லை. சித்திரை வெயில்ல எட்டாயிரம் என்ன, பன்னெண்டாயிரமும் போகும். மார்கழியில ஈக்கூட வராதுங்க.

நானும் பட்டவதான். எட்டு வருஷத்துக்கு முன்னால கோயமுத்தூர்ல ஒரு பெரிய பேர் போட்ட கடையை எடுத்தேன், 19 மாசத்துல மூடினேன். எந்தக் கம்பெனின்னு எழுத மாட்டேன். திறந்த புதுசுல, கவுண்டம்பாளையத்துல இருந்து பேத்தியைக் கூட்டிட்டு ஒரு பாட்டி வந்தாங்க. மாம்பழ ஸ்மூத்தி கேட்டாங்க. பையன் ஃப்ரீசரைத் திறந்து, பாறை மாதிரி உறைஞ்ச பாக்கெட்டை மேடையில ரெண்டு தட்டுத் தட்டி, தராசுல வெச்சு 180 கிராம் நிறுத்தான். கம்பெனி சட்டம், ஒரு கிராம் கூடக்கூடாது. பாட்டி எட்டிப் பார்த்துட்டு, "கண்ணு, பழத்தைக் காட்டு" அப்படின்னாங்க. பழம் கடையிலேயே இல்லை. கண்ணாடி அலமாரியில இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் மாம்பழம். எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. கூழுல ஒரு குத்தமும் இல்லைங்க, கிருஷ்ணகிரிப் பக்கம் அரைச்சு வர்ற நல்ல மாங்கூழ்தான். ஆனா நம்ம சனம் சாத்துக்குடியை உரிக்கறதைப் பார்த்துட்டே நின்னு குடிக்கற சனம்.

அமெரிக்காவுல ஃபிரான்சைஸ் விற்கறவங்க, கையெழுத்துக்கும் பணத்துக்கும் 14 நாள் முன்னாடியே 23 தலைப்புல எல்லா விவரமும் எழுதிக் கொடுக்கணும்னு சட்டம். எத்தனை கடை மூடுச்சு, விட்டுட்டுப் போனவங்களை எப்படித் தொடர்பு கொள்றதுங்கறதும் அதுல வந்துடணும். இங்க ஃபிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது, 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்தான். அதனால பையனையே கேட்கச் சொல்லுங்க: மூடின கடை எத்தனை? அதுல ரெண்டு பேரோட போன் நம்பர் தாங்க. கொடுக்கத் தயங்கினா பதில் தெரிஞ்சு போச்சு. கொடுத்தா, போன்ல பேசாம நேர்ல போயிட்டு வரச் சொல்லுங்க. நடக்கற கடை ஒண்ணுக்கு எதிர்ல, மழை நாள் செவ்வாய்க்கிழமையா பார்த்து, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணட்டும். அப்புறமும் வேணும்னா, அவன் சேர்த்த காசுல எடுக்கட்டும். தோட்டத்தைத் தொட விடாதீங்க.

கேள்வி: ஜூஸுக்கும் ஸ்மூத்திக்கும் என்ன வித்தியாசம்? விலை மட்டும் ரெண்டு மடங்கா இருக்கே!
- கல்லூரி மாணவி, உடுமலைப்பேட்டை

பதில்: ஜூஸ்ல சாறு, ஸ்மூத்தியில முழுப் பழம் அம்மணி. வாழைப்பழம், தயிர் மாதிரி கெட்டியா ஏதாவது சேர்த்து, சக்கை எடுக்காம அரைக்கறது. அமெரிக்காவுல லூசியானாக்காரர் ஒருத்தர், ஸ்டீவ் குனாவ்னு பேரு, தன் ஒவ்வாமைக்காக வீட்டுல அரைச்சுக் குடிச்சுப் பார்த்து 1973-ல ஸ்மூத்தி கிங்ங்கற கடையைத் தொடங்கினார். அப்புறம் அது சங்கிலிக் கடை ஆச்சு. எனக்குப் பிடிச்ச கதை அதுக்கப்புறம்தான்: தென்கொரியாவுல அந்தக் கம்பெனியோட ஃபிரான்சைஸ் எடுத்து நடத்தின வான் கிம், 2012-ல தாய்க் கம்பெனியையே வாங்கிட்டார். பெருந்துறை அம்மா, இதைப் பையன்கிட்டக் காட்டாதீங்க!

விலையைப் பத்தி: ஒரு டம்ளர் சாத்துக்குடிக்கு எனக்கு மூணு பழம் போகுது. ஸ்மூத்திக்கு ஒண்ணரை வாழைப்பழமும் கொஞ்சம் கூழும். மிச்ச விலை ஏ.சி.க்கு.

கேள்வி: திருப்பூர்ல எனக்கு ரெண்டு ஜூஸ் கடை, ரெண்டும் நல்லா ஓடுது. மச்சான் பல்லடத்தில் என் கடைப் பேரில் ஒண்ணு கேட்கிறான். கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனியில சம்பளம் போட்டதும் வர்ற கூட்டத்தை வெச்சு 'நல்லா ஓடுது'ன்னு சொல்றீங்களா தம்பி? புதன்கிழமைக் கல்லாவையும் எண்ணிட்டுச் சொல்லுங்க.

கொடுக்கறதா இருந்தா, முதல்ல பேரை டிரேட்மார்க் பதிவு பண்ணுங்க. அந்தப் பதிவுல தொழிலுக்குத் தொழில் ஒரு வகுப்பு இருக்கு, சாப்பாட்டுக் கடைக்கு 43-ம் வகுப்பு. உங்க பேர்ல பண்ணுங்க, மச்சான் பேர்ல வேண்டாம். எழுத்துல ஒப்பந்தம் போடுங்க. தங்கச்சி கோவிச்சுக்குவான்னு விட்டுடாதீங்க, எழுதாம கொடுத்தா பின்னால ரெண்டு வீட்டுச் சீரும் நின்னுபோகும்.

எங்க பெரியம்மா பையன் சத்தியமங்கலத்துல என் பேர்ல கடை போட்டான். ஒரு காகிதமும் எழுதலை, அண்ணன்தானேன்னு விட்டேன். நன்னாரி சர்பத்து நம்ம கடையில பேர் போனது. வேரை இடிச்சு ராத்திரி ஊறப்போட்டு, காலையில காய்ச்சிப் பாகு வெப்பேன். சட்டியை இறக்கறதுக்குள்ள தெருவே மணக்கும். அவன் ஆறு மாசம் அப்படிச் செஞ்சான். அப்புறம் ஒரு எசன்ஸ் பாட்டில். கேட்டா, "வேர் விக்கற விலைக்கு முடியுமா அம்மணி?" அப்படிங்கறான். சத்தியில குடிச்சவங்க கோபிக்கு வந்து என்னையத் திட்டினாங்க. போர்டைக் கழட்டச் சொன்னதுல ரெண்டு வருஷம் பேச்சில்லை, பொங்கலுக்கும் வரலை. இப்ப வர்றான். கடை இல்லை.

அதனால பாகை நீங்களே காய்ச்சி, கேன்ல போட்டுப் பல்லடம் அனுப்புங்க. மச்சான் கலக்கற வேலை மட்டும் பார்க்கட்டும்.

கேள்வி: எங்க தோப்பு இளநீரை இந்த ஸ்மூத்திக் கடைக்காரங்க நேரா வாங்குவாங்களா? ஆனைமலைப் பக்கம் கடை திறந்திருக்காங்க.
- தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: கேட்டுப் பாருங்கண்ணா, ஆனா நம்பிக்கை வைக்காதீங்க. கம்பெனி சொல்ற இடத்தைத் தவிர வேற எங்கயும் சரக்கு வாங்கக்கூடாதுன்னு பல ஒப்பந்தத்துல இருக்கும். உங்க தோப்புக்கு எதிர்லயே கடை இருந்தாலும், இளநீர் வேற ஊர் குடோன்ல இருந்து பாக்கெட்டுல வரும். நான் கோயமுத்தூர்ல கடை வெச்சிருந்தப்ப, மேட்டுப்பாளையம் வாழைத்தாரு கண்ணு முன்னால லாரியில போகும், நான் பாக்கெட்டை உடைச்சுட்டு நிப்பேன்.

கம்பெனி போர்டு இல்லாத கடைகளைப் பிடிங்க. வழுக்கையோட சேர்த்து அடிக்கற இளநீர் ஷேக்குக்கு இப்ப நல்ல கிராக்கி. வழுக்கை பாலாடை மாதிரி வழண்டு வரணும். முத்தினது மிக்சியில திப்பி திப்பியா நிக்கும். அந்தப் பருவத்துல வெட்டித் தர்றதா இருந்தா, வாரத்துக்கு அறுபது காய் நானே எடுத்துக்கறேன். கோபிக்கு வர்ற வண்டியில போட்டு விடுங்க, வாடகை நான் கொடுத்துடறேன்.