பல்பின் வோல்டேஜையும் கரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் மின்தடை 885 ஓம், மல்டிமீட்டரில் அளந்தால் 65 ஓம். எது சரி?

இரண்டும் சரி. ஆனால் பவர் கணக்குக்கு 885-ஐ மட்டும் எடுங்கள்.

நீங்கள் மாணவர் என்று நினைக்கிறேன். யாரிடமாவது கேட்டு, 'மீட்டர் ரிப்பேரா இருக்கும்' என்ற பதிலையும் வாங்கியிருப்பீர்கள். மீட்டரில் குறையில்லை. உங்களிடம் இருப்பது 60 வாட் குண்டு பல்பு. 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் எடுக்கிறது. 230-ஐ 0.26-ஆல் வகுத்தால் 885 ஓம், பெருக்கினால் 60 வாட். இது பல்பு எரியும்போது உள்ள நிலை. அப்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும், சூடு ஏற ஏற அதன் தடையும் ஏறும். மல்டிமீட்டர் அளந்தது ஆறிக் கிடக்கும் இழையை. அந்த 65 ஓமை வைத்து 230 × 230 ÷ 65 என்று போட்டால் 814 வாட் வரும். 60 வாட் பல்பு 814 வாட் எடுக்காது. (சுவிட்ச் போட்ட அந்தக் கண நேரத்தில் மட்டும் கரண்ட் பல மடங்கு பாயும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆவது இதனால்தான்.)

இதற்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பல்பு இல்லை. அணைத்து வைத்து அளந்த எண்ணை நம்பி, ஓடும்போது உள்ள எண்ணைக் கணக்கிடாமல் விடுவதால் வீடுகளில் நடக்கும் ஆபத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பா வீட்டில் 2000 வாட் வாட்டர் ஹீட்டர். அதன் பிளக் தொட முடியாத அளவுக்குச் சுடும், ஒரு பக்கம் கருகியும் இருந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, பிளக்கிலும் சாக்கெட்டிலும் மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் 'பீப்' என்று கத்தும் அமைப்பு) வைத்துப் பார்த்தார். மீட்டர் 'பீப்' என்றது. "பிளக் நல்லா இருக்கு, ஹீட்டர்தான் கரண்ட் அதிகமா இழுக்குது, மாத்திடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். கரண்டை அவர் அளக்கவே இல்லை.

நான் கிளாம்ப் மீட்டர் (வயரை அறுக்காமல், சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் மீட்டர்) எடுத்துக்கொண்டு போனேன். ஹீட்டர் ஓடும்போது 8.4 ஆம்பியர். சாக்கெட்டின் பின்புறத் திருகுகளில் 228 வோல்ட், ஹீட்டரின் டெர்மினலில் 222 வோல்ட். (நான் இந்த வேலையில் இருப்பவன். பழக்கமில்லாதவர்கள் சப்ளை இருக்கும்போது திறந்து அளக்கவே கூடாது.) 222 ÷ 8.4 என்றால் 26.4 ஓம். 230 வோல்ட்டுக்கு 2000 வாட் என்று எழுதியிருக்கும் ஹீட்டருக்கு வர வேண்டியதும் 26.45 ஓம்தான். ஆக, ஹீட்டர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

அப்புறம் நடுவில் காணாமல் போன அந்த 6 வோல்ட். 6 ÷ 8.4 என்றால் 0.7 ஓம். பார்க்கச் சின்ன எண். ஆனால் 6 × 8.4 என்று பெருக்கினால் 50 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் வைத்ததுபோல அந்தப் பிளக்குக்குள் அவ்வளவு சூடு. கன்டின்யூட்டி பஸ்ஸர் 0.7 ஓமுக்கும் கத்தும், 20 ஓமுக்கும் கத்தும். அது இணைப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், இணைப்பு நல்லதா என்று சொல்லாது.

அந்த 6 வோல்ட்டில் வயரின் பங்கும் இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். இருக்கும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்தக் கரண்டுக்கு அரை வோல்ட்கூட விழாது. இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி அளந்துதான் சொல்கிறேன், சப்ளை ஆடவில்லை. "சித்தப்பா, ஹீட்டரை மாத்தாதீங்க, சாக்கெட்டையும் பிளக்கையும் மட்டும் மாத்துவோம்" என்றேன். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் தகடு விரிந்து போயிருந்தது. இரண்டையும் மாற்றியதும் அந்த வோல்டேஜ் இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்தது, பிளக் சுடுவதும் நின்றது.

எல்லாச் சாதனத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது. மோட்டாரில் வகுத்து வருவது வெறும் மின்தடை இல்லை, சுருளின் மின்தூண்டல் விளைவும் அதில் சேர்ந்திருக்கும். பெருக்கி வருவதும் உண்மையான வாட் இல்லை, பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) சேர்த்துப் பெருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பில் வகுத்து வரும் எண்ணால் ஒரு பயனும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பல வருடமாக உள்ளே கிடப்பது. படிக்கும்போது செய்முறைத் தேர்வில் டார்ச் பல்பைக் கொடுத்து ஓம் விதியைச் சரிபார்க்கச் சொன்னார்கள். என் வோல்டேஜ்-கரண்ட் வரைபடம் வளைந்து வந்தது. சூடாகும் இழைக்கு அது வளையத்தான் வேண்டும். இயற்பியலாளர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிக்கு, வெப்பநிலை மாறாதபோது என்ற நிபந்தனை எங்கள் பாடப்புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. தேர்வாளர் நேர்கோடு வரவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பழைய நோட்டைப் பார்த்து அளவுகளை நிரப்பி முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒழுங்காக அளந்தவனைத் தண்டித்தால் அடுத்த முறை யார் அளப்பார்கள்? அன்று பீப் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போன எலக்ட்ரீஷியன் மீது எனக்குக் கோபம் வராததற்கும் இதுதான் காரணம். அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

உங்கள் நோட்டில் 885, 65 இரண்டையும் எழுதுங்கள். ஒன்றின் பக்கத்தில் 'எரியும்போது', மற்றதன் பக்கத்தில் 'ஆறியபோது' என்று குறியுங்கள். முடிந்தால் டிம்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்காமல், வேரியாக் (அலையை வெட்டாமல் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கிடைக்கிறதா பாருங்கள். டிம்மர் அலையை வெட்டுவதால் சாதாரண மல்டிமீட்டர் தவறான அளவைக் காட்டும். 50, 100, 150, 200 வோல்ட்டில் கரண்டைக் குறித்து வகுத்துப் பார்த்தால், 65-இலிருந்து 885-ஐ நோக்கித் தடை ஏறுவது வரிசையாகத் தெரியும்.