நாயின் ஓயாத வயிற்றுக் கோளாறு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் மருத்துவர் இல்லை. கணையம் சரியாகச் சுரக்காத ஒரு ஜெர்மன் ஷெப்பர்டை 9 வருடம் வளர்த்தவள். அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் லாப்ரடாருக்கு 2 மாதமாக வயிற்றுப்போக்கு. மாத்திரை கொடுத்தால் நிற்கிறது, மறுபடி வருகிறது. உணவையும் 4 முறை மாற்றிவிட்டோம்.

3 வாரத்துக்கு மேல் போனாலே அது நாள்பட்ட கோளாறுதான். முதலில் மலப் பரிசோதனை செய்து புழுவும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் மருத்துவரிடம் கேட்டு உணவுச் சோதனையை முறையாகத் தொடங்குங்கள். இப்படிப்பட்ட நாய்களில் பாதிக்கு மேல் உணவு மாற்றத்திலேயே தேறிவிடுகின்றன.

உணவுச் சோதனை என்றால், உங்கள் நாய் இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு இறைச்சி வகை, அல்லது ஹைட்ரோலைஸ்டு உணவு. பின்னதில் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்திருப்பார்கள். உடலின் எதிர்ப்பு சக்திக்கு அதை அடையாளம் தெரியாது. குறைந்தது 2 வாரம் அது மட்டும்தான். பிஸ்கட், எலும்பு, நாய்ப் பற்பசை, சுவை சேர்த்த புழு மாத்திரை எதுவும் கூடாது.

எங்கள் வீட்டில் முதல் சோதனை தோற்றுப்போனது. காரணம் தெரிய ஒரு மாதம் ஆனது. சாப்பாட்டு மேசைக்கடியில் எல்லா இடத்திலும் ரொட்டித் தூள் கிடக்கும், அப்பா உட்காரும் இடத்தில் மட்டும் தரை துடைத்து வைத்தது போல இருக்கும். தினமும் ஒரு துண்டு கீழே போயிருக்கிறது. பாசத்தில் செய்ததுதான், ஆனால் அவதிப்பட்டது நாய். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

ஆன்டிபயாடிக்கை எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளையும் அழிக்கிறது. உங்கள் நாய்க்கு நின்று நின்று திரும்ப வருவதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

மலத்தில் சளியும் சொட்டு ரத்தமும் வருகிறது. பயப்பட வேண்டுமா?

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போனால் பெரும்பாலும் பெருங்குடல் கோளாறு. இதற்கு நார்ச்சத்து நன்றாக உதவும்: வேகவைத்த பூசணி, அல்லது தண்ணீரில் ஊறிய இசப்கோல். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மலம் நிறைய நிறையப் போய் எடையும் குறைந்தால் சிறுகுடலைச் சந்தேகிக்க வேண்டும். தார் போலக் கருப்பாக இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

இரண்டு மடங்கு சாப்பிடுகிறது, ஆனாலும் எலும்பும் தோலுமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் என் நாய்தான் கண் முன்னால் வந்தது. மலம் வெளிறி, குவியலாக, எண்ணெய் பூசியது போல மினுங்குகிறதா? டிஎல்ஐ பரிசோதனை கேளுங்கள். கணையம் சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்க வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. கணைய நொதி குறைவு என்று வந்தால் ஒவ்வொரு வேளை உணவிலும் நொதிப் பொடி கலக்க வேண்டும், ஆயுள் முழுக்க. பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் பொடி கொடுத்தும் எடை ஏறாது. எங்களுக்கு அங்கேதான் தடுக்கியது. பி12 ஊசி போட்ட பிறகுதான் விலா எலும்புகள் மறையத் தொடங்கின.

விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கிறது, மற்றபடி சுறுசுறுப்பு.

நீண்ட நேரம் வயிறு காலியாக இருப்பதால் வரும் பித்த வாந்தியாக இருக்கலாம். தூங்கப் போகும் முன் கொஞ்சம் உணவு கொடுத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் காட்டுங்கள்.

சோறும் வேகவைத்த கோழியும் ஒத்துக்கொள்கிறது. அதையே தொடரலாமா?

சில நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் என்றால் கால்சியமும் துத்தநாகமும் போதாது. வீட்டுச் சமையல்தான் வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் அளவு எழுதி வாங்குங்கள். எந்த உணவுக்கு மாறினாலும் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைடு மாத்திரையைக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். கோலி போன்ற சில இனங்களில் எம்டிஆர்1 மரபணுக் குறைபாடு உண்டு. அவற்றுக்கு அது மூளையைப் பாதிக்கும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி, ஈறு வெளுப்பது, எழ முடியாத சோர்வு. இன்னொன்று: வயிறு உப்பிக்கொண்டு, வாந்தி வருவது போல ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் உடனே வண்டியில் ஏற்றுங்கள், போகும் வழியில் மருத்துவமனைக்கு போன் செய்துகொள்ளலாம்.