டம்ப் ட்ரக்கின் அடியில் காய்ந்த சேற்றையும் றோட்டு உப்பையும் எப்படிக் கழுவுவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒன்ராறியோவில் டம்ப் ட்ரக் ஓட்டத் தொடங்கி முதல் வின்ரர் முடியப்போகிறது. அடியெல்லாம் களிமண்ணும் வெள்ளை உப்பும் அப்பிக் காய்ந்து கிடக்கிறது. ஒரு பிரஷர் வாஷர் வாங்கி அடித்துக் கழுவினால் போதுமா? வீட்டில் நிற்கும் பழைய பிக்கப்புக்கும் இதேதானா?

போதாது தம்பி. எடுத்த எடுப்பில் பிரஷர் வாஷரால் அடித்தால், கழுவாமல் விட்டதைவிடக் கூடுதல் சேதமும் வரலாம்.

நான் 17 வருடமாக ரொறன்ரோவைச் சுற்றி டம்ப் ட்ரக் ஓட்டுகிறேன். கோடையில் கொண்டோ கட்டக் கிண்டுகிற குழிகளிலிருந்து மண் ஏற்றுவோம். வின்ரரில் உப்பு. றோட்டில் கிடக்கிற உப்பு மட்டுமில்லை, பெட்டி நிறைய உப்பு. ஹியூரன் ஏரிக்கரையில் கொட்றிச் என்று ஒரு சின்ன ஊர். ஏரிக்கு அடியில் ஏறக்குறைய 550 மீற்றர் ஆழத்தில் அங்கே உப்புச் சுரங்கம் இருக்கிறது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது அதுதான். அங்கே ஏற்றி, 8ஆம் இலக்க ஹைவேயால் வந்து நகரசபை யார்டுகளில் கொட்டுவது என் வின்ரர் வேலை. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். உப்பு வெயிலில் விளைகிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். சுரங்கத்துக்குள் மெஷின் விட்டு வெட்டி எடுப்பார்கள் என்று இங்கே வந்துதான் கண்டேன்.

அதனால் முதலில் உப்பைப் பற்றி. உங்களுக்கு வெள்ளையாகத் தெரிகிறதே, அது சாதாரண கல்லுப்பு. அதைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் குளிர் மைனஸ் 10ஐத் தாண்டும்போது கல்லுப்பு சோம்பிப்போகும். அப்போது கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு என்று கரைசலாக அடிப்பார்கள். அது வெள்ளையாகத் தெரியாது. தொட்டால் எண்ணெய் பூசினது போலப் பிசுபிசுக்கும். கல்லுப்பு காற்றிலிருந்து ஈரம் இழுக்க வேண்டுமென்றால் ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய 30 வீதமே போதும். காய்ந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிற நேரமெல்லாம் அது இரும்பின் மேல் ஈரமாகவே இருக்கும்.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். சூடான கராஜுக்குள் விட்டால் வாகனத்துக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். மறுவளம். கறள் பிடிக்க ஈரமும் சூடும் வேண்டும். மைனஸ் 15இல் வெளியே நிற்கிற ட்ரக்கில் உப்பு நித்திரை. கழுவாமல் கராஜுக்குள் கொண்டுபோய் விட்டால் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

சேறு அதற்குத் துணை. ரொறன்ரோப் பக்கத்து மண் பனியாறுகள் அரைத்துப் போட்ட களி. சில்லுக்கு மேலே, ஃபிறேமின் மடிப்புக்குள், அச்சுக்குப் பின்னால் போய் அப்பினால் ஈரச்சாக்கைச் சுற்றி வைத்த மாதிரி உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே காய்ந்து வெடித்திருக்கும். ஒரு கட்டியைப் பெயர்த்துப் பாருங்கள், இரும்போடு ஒட்டின பக்கம் நனைந்துதான் இருக்கும். ரிம்முக்குள் ஒரு பக்கமாக அப்பியிருந்தால் ஹைவேயில் ஸ்ரியறிங் ஆடும். அதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் போய்க் காசு கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும்.

சரி, கழுவுவதற்கு வருவோம்.

எந்த நாள் என்பது முக்கியம். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போகிற நாளாக, காலமை கழுவி பின்னேரத்துக்குள் காய விடக்கூடிய நாளாகப் பாருங்கள். அப்படி நாள் வராவிட்டால் உள்ளே சூடேற்றிய ட்ரக் வாஷுக்குப் போங்கள். உப்புக் காலத்தில் நான் வாரம் ஒருக்கால், முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருக்கால் அடியை அலசுவேன். ஏப்ரல் வரை சேர்த்து வைத்து ஒரே நாளில் கழுவுவது பல் தீட்டுவதை மாதக் கடைசிக்கு ஒத்திப்போடுவது மாதிரி.

வீட்டு டிறைவ்வேயில் ட்ரக்கைக் கழுவாதீர்கள். தெருவோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. சேறு, எண்ணெய், சவர்க்காரத் தண்ணீரை அதற்குள் விடுவது ரொறன்ரோவில் சட்டப்படி குற்றம். ட்ரக் வாஷில் சேற்றுக் குழியும் எண்ணெயைப் பிரிக்கிற தொட்டியும் இருக்கும். அங்கே ஒன்றை மட்டும் கேளுங்கள்: கடைசி அலசல் புதுத் தண்ணீரா, சுழற்றி எடுத்த தண்ணீரா? சுழற்றின தண்ணீரில் முந்தின பத்து ட்ரக்கின் உப்பும் கரைந்திருக்கலாம்.

போனவுடன் தண்ணீரை அடிக்காதீர்கள். ஓடி வந்த சூட்டில் பிறேக் ட்றம் கொதிக்கும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விழலாம். அரை மணித்தியாலம் நிற்க விடுங்கள், ஒரு கோப்பி குடியுங்கள். சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

இதைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கள்: பெட்டியைத் தூக்கிவிட்டு அதற்குக் கீழே தலையைக் கொடுத்துச் சேறு சுரண்டுவதென்றால், பெட்டியைத் தாங்குகிற இரும்புத் தாங்கியைப் போடாமல் போகவே கூடாது. பெட்டியைத் தூக்குகிற ஹைட்றோலிக்கை நம்பாதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் பெட்டி கீழே வர நொடி கூட ஆகாது. வெளியிடமென்றால் தூக்க முன்னர் மேலே கரண்ட் வயர் போகிறதா என்று பாருங்கள்.

இனிச் சேறு. காய்ந்த களியை நேரே பிரஷரால் அடித்தால் அதிலுள்ள மணலே உரைகடதாசி ஆகிப் பெயின்ற்றைக் கீறும். முதலில் சாதாரண ஹோஸால் நன்றாக நனைத்து, 15, 20 நிமிடம் ஊற விடுங்கள். திரும்ப நனையுங்கள். ஊறின கட்டியை மரத்துண்டாலோ பிளாஸ்ரிக் சுரண்டியாலோ தட்டினால் பாளமாக விழும். இரும்புக் கம்பியால் நோண்டினால் ஃபிறேமில் பெயின்ற் போகும், அடுத்த வின்ரர் கறள் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். அடியையும் சில்லுகளையும் முதலில் முடியுங்கள். மேலே கழுவிவிட்டுக் கீழே வந்தால் தெறிக்கிற சேறு திரும்பக் கபினுக்கு ஏறும்.

இதற்குப் பிறகுதான் பிரஷர் வாஷர். தண்ணீர் விரிகிற கோணத்தின்படி நொசில்களுக்கு நிறம் இருக்கிறது: சிவப்பு பூச்சியம் பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சவர்க்காரத்துக்கு. சிவப்பைக் கழற்றி எங்காவது ஒளித்து வையுங்கள். ஃபிறேமுக்குப் பச்சை, பெயின்ற் உள்ள இடங்களுக்கு வெள்ளை. ஒரு முழமாவது தள்ளி நின்று அடியுங்கள். ரயரின் பக்கச் சுவருக்குக் கிட்டப் பிடித்து அடித்தால் ரப்பர் வெட்டுப்படும். சில்லுக் குடத்தின் சீல், டிறைவ்சாஃப்ற் முட்டுகள், டிஃபரன்ஷியல் என்கிற அச்சின் பல்லுச்சக்கரப் பெட்டியின் மூச்சுக்குழாய், எயர் பிறேக்குக்குப் போகிற காற்றை உலர்த்துகிற எயர் டிறையரின் வாய், வயர் கனெக்ரர்கள் ஆகியவற்றுக்கு நேரே பிடிக்கவே வேண்டாம். அங்கெல்லாம் வேகத்தோடு அடித்தால் அழுக்கு வெளியே வராது, உப்புத் தண்ணீர் உள்ளே போகும். நான் தொடக்கத்தில் இதை அறியாமல் பின் அச்சுக்கு மேலே ஒரு கனெக்ரரை ‘வடிவாக’ அடித்துக் கழுவினேன். இரண்டு கிழமையில், பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டுப்படாமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை லைற் எரிந்தது. பிரித்துப் பார்த்தால் செப்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது. றேடியேற்றருக்கு ஹோஸ் மட்டும், அதுவும் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி. பிரஷரால் அடித்தால் தகடுகள் மடிந்துபோகும்.

சேற்றுக்குத்தான் வேகம் கொஞ்சம் தேவை. உப்புக்குத் தேவையில்லை, அது கரைகிற சாமான், நிறையத் தண்ணீரும் நேரமும் கொடுத்தால் தானாகப் போய்விடும். இளஞ்சூட்டுத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபிறேமின் உள்பக்கம், எரிபொருள் தாங்கியின் மேல்பக்கம், ஸ்பிறிங் தகடுகளின் இடுக்கு, பெட்டியின் பின் பிணைச்சல், பின் லைற்றுகளுக்குப் பின்னால் எல்லாம் மெதுவாக, தண்ணீர் தெளிவாக வழியும்வரை விட வேண்டும். பிறகு கபினுக்கும் பெட்டிக்கும் சவர்க்காரம் கீழிருந்து மேலே பூசி, மேலிருந்து கீழே அலசுங்கள். மாறிச் செய்தால் காய்ந்த பக்கத்தில் சவர்க்காரம் கோடு கோடாக வழிந்து நிற்கும்.

அலுமினியம் பளபளக்க வைக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றில் ஹைட்றோஃபுளோறிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கும்; எரியத் தொடங்கும்போது உள்ளே எலும்புவரை போயிருக்கும். போத்தலில் அந்தப் பெயரோ அமோனியம் பைஃபுளோறைட்டோ இருந்தால் என்னைப் போலத் தொடாமல் விடுங்கள். ட்ரக் பளபளப்பாக இருந்தால் சம்பளம் கூடப்போவதில்லை.

உங்கள் உடம்புக்கும் இரண்டு சொல். பிரஷர் வாஷர் தண்ணீர் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின அளவு காயம்தான் தெரியும். அப்படி நடந்தால் பிளாஸ்ரர் ஒட்டிவிட்டு வேலை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெற்றோல் மெஷினைப் பூட்டின கொட்டிலுக்குள் ஓட விடாதீர்கள், புகையில் மயங்கி விழுந்தால் எழும்பமாட்டீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு வழுக்காத சப்பாத்து. வெளியே கழுவினால் நிலம் ஐஸாகும். கடைசியில் நீங்களே ஒரு வாளி உப்பைத் தூவ வேண்டிவரும், என்ன செய்வது.

கழுவி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் என் இரண்டாவது வின்ரரில் மாட்டுப்பட்டேன். பின்னேரம் கழுவி, நேரே யார்டில் விட்டு, பார்க்கிங் பிறேக்கை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு மைனஸ் 14. காலமை ட்ரக்கை எடுத்தால் பின் சில்லுகள் உருளவில்லை, இழுபட்டன. ஈரமான பிறேக் ஷூக்கள் ட்றம்மோடு உறைந்து ஒட்டியிருந்தன. நான் கவனிப்பதற்குள் நாலு ரயரில் தட்டை விழுந்துவிட்டது. முதலாளி திட்டவில்லை, பில்லை மட்டும் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து கழுவின பிறகு யார்டுக்குள்ளேயே மெதுவாக ஓடி, பிறேக்கை லேசாகப் பல தடவை பிடித்துச் சூடாக்கி உலர்த்தாமல் நான் நிறுத்துவதில்லை. பிறேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கிற எயர் தாங்கிகளிலுள்ள தண்ணீரையும் அப்போதே திறந்து விட்டுவிடுவேன். கதவு ரப்பர்களைத் துணியால் துடைத்து சிலிக்கோன் பூசினால் காலமை கதவோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

அடுத்தது கிறீஸ். ஸ்பிறிங் பின்கள், பிறேக்கின் இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக் அட்ஜஸ்ரர், ஸ்ரியறிங் முட்டுகள், டிறைவ்சாஃப்ற் முட்டுகள் எல்லாவற்றுக்கும் கழுவின பிறகு கிறீஸ் அடியுங்கள். பழைய கிறீஸோடு உள்ளே போன தண்ணீரும் பிதுங்கி வரும். கறுப்பாக வருவது நின்று புது நிறம் வரும்வரை அடிக்க வேண்டும். கழுவிவிட்டு கிறீஸ் அடிக்காமல் விடுவதைவிடக் கழுவாமலே விடலாம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் யார்டில் இதற்குச் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

பிக்கப்புக்கும் முறை இதேதான், பயப்பட வேண்டிய இடம் மட்டும் வேறு. எயர் பிறேக் இல்லாததால் அங்கே உயிர் பிறேக் எண்ணெய் போகிற மெல்லிய இரும்புக் குழாயில் இருக்கிறது. அது ஃபிறேமை ஒட்டிப் போகும், சேறு அதன்மேல் குந்தியிருக்கும். 2015இல் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பழைய பிக்கப்புகளில் இந்தக் குழாய்கள் கறள் பிடித்து வெடித்ததை விசாரித்துவிட்டு, 2007க்கும் அதற்கு முந்தியதுமான வண்டிகளின் குழாய்களைப் பரிசோதிக்கவும் வின்ரர் முழுக்க அடியைக் கழுவவும் சொன்னது. கதவுக்குக் கீழ் மடிப்பில் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும்; சேறு அடைத்திருந்தால் பிளாஸ்ரிக் குச்சியால் திறந்துவிடுங்கள். கறள் பிடிக்காமல் அடியில் எண்ணெய்ப் பூச்சு அடிக்கிற எண்ணமிருந்தால் இலையுதிர் காலத்தில், நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகு அடியுங்கள். உப்பின் மேலே அடித்தால் உப்பையும் சேர்த்து மூடிவைக்கிற வேலை.

கடைசியாக ஒரு மலிவு வழி. ஏப்ரல் கடைசியில் என் பிக்கப்பை நண்பனின் பண்ணைக்குக் கொண்டுபோய்ச் சரளைத் தரையில் நிறுத்துவேன். புல்லுக்குத் தண்ணீர் விசிறுகிற, இரண்டு பக்கமும் ஆடுகிற ஸ்பிறிங்ளரை அடியில் தள்ளிவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் அரை மணித்தியாலம் ஓட விடுவேன். சவர்க்காரம் இல்லை, வெறும் தண்ணீர். முதல் தடவை நண்பனின் தகப்பனார் வந்து பார்த்துவிட்டு, “என்ன, வாகனத்துக்குக் கீழே புல்லு வளர்க்கிறியோ?” என்று கேட்டார். நான் ஃபிறேமின் ஓட்டையைக் காட்டினேன். அதிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளிய இன்னும் ஒரு மணித்தியாலம் எடுத்தது.